அண்ணனின் கடைவாய்ப் பல்

கடற்கரையில் பிறந்து கடற்கரையில் வளர்ந்து மீன் முள்ளுக்குப் பயந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்கள் தெருவில் பால்பல் முளைத்த பிள்ளை கூடச் சாளை மீனை நாக்காலேயே பிரித்து முள்ளைத் துப்பும். நானோ மீசை முளைத்த பிறகும், முள் இல்லாத சீலா மீனின் நடுத்துண்டைக் கேட்டு வாங்கி, அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். சுங்கக்காரன் கள்ளச் சரக்குத் தேடுகிற மாதிரி தேடிவிட்டு, கடைசியில் ரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

காரணம் அப்பா. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியவருக்குத் தொண்டை அடைத்தது. முள் சிக்கிவிட்டது என்றார்கள். வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொன்னார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள், முதுகில் குத்தினார்கள். ஒன்றும் இறங்கவில்லை. பொழுது சாயும் முன் போய்விட்டார். அந்த முள்ளை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் தொண்டை அடைத்தால் அது முள்தான். அதற்குமேல் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

தொண்டைக்கென்று ஒரு புனிதர் உண்டு. முள் சிக்கிய ஒரு பிள்ளையை அந்தக் காலத்தில் காப்பாற்றினவராம். அவர் திருநாளன்று சாமியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கட்டி, ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து மந்திரிப்பார். நான் ஒருதடவை வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து மறுபடியும் வரிசையில் நின்றேன்.

"ஏலே, உனக்கு இப்பத்தான வச்சேன்?" என்றார் சாமியார்.

"சாமி, எனக்குக் கழுத்து கொஞ்சம் நீளம்" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு சொத்தும் இருந்தது: வீக்கம். எனக்கு உதடு வீங்கும். காரணமே இல்லாமல் வீங்கும், அரிக்காது, சிவக்காது. மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கும், இரண்டு மூன்று நாளில் தானே வடிந்துவிடும். அண்ணனுக்குக் கால் வீங்கும். அவர் சங்கு குளிக்கிறவர். கல்லைக் கட்டிய கயிற்று வளையத்தில் பாதத்தை நுழைத்துக் கடலுக்குள் இறங்குகிறவர். கயிறு அழுத்திய இடம் மறுநாள் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். கடலில் சொறி பட்டுவிட்டது என்று சொல்லிச் சுடுமணல் போட்டுத் தேய்ப்பார்கள். வழுவழுவென்று மிதந்து வந்து, தொட்ட இடத்தைத் தடிக்க வைக்கும் அந்தச் சொறிமீன் மேல் பழி போடுவது சுலபம். அது எதிர்த்துப் பேசாது. ஆக ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று காரணம். அப்பாவுக்கு முள், அண்ணனுக்குச் சொறி, எனக்குப் பயம். ஆமாம், என் உதடு பயத்தில்தான் வீங்குகிறது என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். அவ்வளவு பயம் என்னிடம் கைவசம் இருந்தது.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். எங்கள் ஊருக்குக் கப்பல் வரும், கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். எந்தத் தோணியில் எத்தனை மூட்டை என்று நிழலில் நின்று கோடு போடுவது என் உத்தியோகம். யுத்தத்தின்போது ஜப்பான் விமானம் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்டதும், ஊரில் முதல் ஆளாக மூட்டை கட்டி உடன்குடிக்கு ஓடினேன். பனைமரத்தடியில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வானத்தையே பார்த்துக் கிடந்தேன். வந்தது ஒரு பருந்து. அதற்கும் குப்புறப் படுத்தேன்.

அண்ணன் நேர்மாறு. எங்கள் காலத்தில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலடிப் பாரில் முத்துச்சிப்பி இல்லையென்று விட்டுவிட்டார்கள். சங்குதான் சோறு போட்டது. அண்ணன் மூச்சைக் கட்டி இறங்கினால், மேலே வள்ளத்தில் இருக்கிறவர்கள் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம் என்பார்கள். கீழே போனவன் பதறக் கூடாது, வீணாக ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. பதறினால் இருக்கிற மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லி, கரையிலும் அண்ணன் அப்படியே ஆகிப்போனார். கோபம் வந்தால் சத்தம் குறையும். வலித்தால் முகம் கல்லாகிவிடும்.

"ஏலே, நீ கரையில நின்னுக்கிட்டே முங்கிச் சாவுற பயல்லா" என்று என்னைக் கேலி செய்வார்.

அவருக்குக் கயிறு பிடித்தவன் அவருடைய மச்சினன், அதாவது என் மதினியின் தம்பி. எங்கள் கரையில் அதுதான் வழக்கம். கூடப்பிறந்தவன் கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் போனால் தம்பிக்கு வீட்டில் பங்கு கூடும், அக்கா தாலி அறுந்தாலோ மச்சினனுக்குத் துக்கம் மட்டும்தான். இப்படி வெட்டவெளிச்சமாக யோசித்து வைத்த ஏற்பாடு. கீழே இருக்கிறவருக்கு மூச்சு முடியப் போகும்போது கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார். மச்சினன் அந்த நொடியே இரண்டு கையாலும் வாரித் தூக்க வேண்டும். அவன் என் வயதுக்காரன், என் கூட்டாளி. வள்ளத்தில் கயிறு அவன் கையில் இருக்கும்போது மட்டும் என்னோடு பேச மாட்டான், சிரிக்கவும் மாட்டான்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் திரும்ப வரத் தொடங்கியிருந்த ஒரு வருசம், சங்குக் குளிப்பு ஆரம்பிக்கப்போகிற சமயம். ஒத்திகை பார்க்க ஆழத்துக்கு இறங்கிய அண்ணன் பாதியில் மேலே வந்துவிட்டார். கடைவாய்ப் பல்லில் சொத்தை. கரையில் சும்மா கிடக்கிற சொத்தைப் பல், கீழே தண்ணீர் அழுத்தத் தொடங்கியதும் பழுக்கக் காய்ச்சிய ஊசியாகிவிடும். அதனால் குளிகாரர்கள் தொழில் தொடங்குமுன் கெட்ட பல்லைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். வலைக்குக் கண் பார்க்கிற மாதிரி, வள்ளத்துக்குக் கீல் பூசுகிற மாதிரி, பல்லுக்கும் அந்த மாசத்தில் ஒரு நாள்.

பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பல் டாக்டர் எங்கள் ஊரில் இருந்தார். சுத்தமான ஆள், நல்ல கைகாரர். அண்ணனுக்குத் துணையாக நான் போனேன். அவர் கொறடு எடுத்ததுதான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது நான் தரையில் கிடந்தேன். அண்ணன் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"பிடுங்குனது யாருக்குன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு" என்றார் டாக்டர்.

வீடு வரும் வழியெல்லாம் அண்ணன் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று அப்போது எப்படித் தெரியும்?

மறுநாள் காலை கன்னம் வீங்கியிருந்தது. பல் பிடுங்கினால் வீங்காதா என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் கழுத்துவரைக்கும் இறங்கியது. அண்ணன் என்னவோ சொன்னார். அவர் குரலாக இல்லை, பானைக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மதினி குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"கஞ்சி இறங்க மாட்டேங்குது கொழுந்தா. எச்சியக்கூட முழுங்க மாட்டேங்காரு."

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "முள்ளா இருக்கும். நேத்து என்ன மீனு?"

"மீனும் இல்ல, கருவாடும் இல்ல. நேத்துலருந்து வெறுங் கஞ்சித்தண்ணிதான்!" என்றாள் மதினி.

அந்த அம்மா கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் வாழைப்பழம் எடுத்து வந்தாள். எங்கள் ஊர் அப்படி.

அண்ணன் தன் காலைக் காட்டினார், பிறகு கழுத்தைக் காட்டினார், கையைக் கீழ்நோக்கி மெல்ல இறக்கிக் காட்டினார். கால் வீங்கி வடிகிற மாதிரி இதுவும் வடிந்துவிடும் என்கிறார். எத்தனையோ தடவை வீங்கிய கால், எத்தனையோ தடவை வடிந்திருக்கிறது. அவர் சொல்வதில் தப்பென்ன? நான்தான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கமான பயம்தான், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அது சரியான இடத்தில் வந்திருந்தது. ஜட்கா வண்டி பிடித்து, அண்ணனையும் மதினியையும் மச்சினனையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன்.

வாசலில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டியிலிருந்து அண்ணன் தானாக இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிதானமாகப் படியேறினார். அவருக்குப் பின்னால் நான் வாயைப் பிளந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிந்து வந்தேன். கம்பவுண்டர் ஓடிவந்து என்னைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்திவிட்டார்.

"நான் இல்லய்யா, அவரு!"

"பேசாதீரும், மூச்சு வாங்குது உமக்கு" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

டாக்டர் வந்து ஒரே பார்வையில் ஆளை மாற்றினார். நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணனை உட்கார வைத்து விளக்கடித்துத் தொண்டையைப் பார்த்தார், உடனே ஊசி போட்டார். வெளியே வந்து எங்களிடம் சொன்னார்:

"ஊசிக்குக் கேட்டா சரி. கேக்கலன்னா, கழுத்துல சின்னதா ஒரு துவாரம் போட்டு மூச்சு விட வைக்கணும். எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். பயப்படாதீங்க. ஆள் ரொம்ப நிதானமா இருக்கார், அது நல்ல அறிகுறி."

எல்லோருக்கும் அதுதான் நல்ல அறிகுறி. மூச்சு முட்டுகிறவன் எப்படியிருப்பான் என்று டாக்டர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! கட்டிலைப் பிறாண்டுவான், எழுந்து ஓடப் பார்ப்பான், கண் பிதுங்கும். இங்கே ஒரு மனுஷன் முதுகை நேராக வைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இந்த ஆள் கடலடியில் இருக்கிறார் என்று அந்த டாக்டருக்கு யார் சொல்வது? எனக்கே அது உறைக்கவில்லை. மூச்சுக்குழல் சுருங்கச் சுருங்க, அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்துகொண்டிருந்தார். அசையாமல் இருப்பது. இருக்கிறதை மிச்சம் பிடிப்பது. "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டபோதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினார், பரவாயில்லை என்று.

பக்கத்து வார்டில் ஒரு பிரசவம் என்று கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று டாக்டர் போனார். நான் பயம் தாங்காமல் ஜன்னல் பக்கம் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மதினி காலடியில் உட்கார்ந்திருந்தாள். மச்சினன் கட்டில் பக்கத்தில், அண்ணன் கையைப் பிடித்தபடி நின்றான்.

திடீரென்று அவன் கத்தினான். "இழுக்காரு! அத்தான் இழுக்காரு!"

கம்பவுண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதை இழுக்காரு? என்னய்யா உளறுதீரு?"

"மேல தூக்கச் சொல்லுதாருய்யா! தூக்குங்க! டாக்டரக் கூப்பிடுங்க!" அவன் அண்ணனை அக்குளில் கைகொடுத்துக் கட்டிலிலிருந்து தூக்கியே விட்டான். பாவம், அவனுக்குத் தெரிந்தது அதுதான். அண்ணன் உட்கார்ந்திருந்த அந்த நிதானம் அப்போதும் முகத்தில் இருந்தது. உதடு மட்டும் நீலமாகியிருந்தது.

டாக்டர் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தார். எங்களை வெளியே தள்ளினார்கள். கதவு இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிற சீறல் கேட்டது. துவாரம் போட்டுவிட்டார். காற்றுப் போனது. அண்ணன்தான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசினார். கோயிலில் துக்கமணி அடித்தபோது, கரையில் வள்ளங்களுக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் வாய் சும்மா இருக்குமா? பல்லைப் பிடுங்கினதுதான் கெடுத்தது என்றார் ஒருவர். முள்தான், இவர்கள் மறைக்கிறார்கள் என்றார் இன்னொருவர். கல்லறையிலிருந்து திரும்பும்போது யாரோ சொன்னார்கள், மச்சினன் காதில் விழும்படியாக: "கயிறு பிடிச்சவன் பக்கத்துலயே நின்னும் பிரயோசனமில்லயே. பிந்தி உணர்ந்திருப்பான்."

மச்சினன் அன்றிலிருந்து கயிற்றைத் தொடவில்லை. உப்பளத்துக்கு வேலைக்குப் போனான். அக்கா வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. மதினி எத்தனையோ தடவை ஆள் விட்டாள். "வாரேன்னு சொல்லு" என்பான். வர மாட்டான். என்னைத் தெருவில் கண்டால் சிரிப்பான், நானும் ஏதாவது கோமாளித்தனம் செய்வேன். அவன் சிரித்து முடிக்குமுன்பே இருவரும் விலகிவிடுவோம்.

இனிமேல் சொல்லப்போவது ரொம்பப் பின்னால் நடந்தது. எனக்குத் தலை நரைத்த பிறகு ஒரு தடவை வயிறு முறுக்கிக்கொண்டது. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அறுப்பதா வேண்டாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வலி தானாகப் போய்விட்டது, உதடு மட்டும் வீங்கியது. என் பழைய சீட்டில் யாரோ நரம்புக் கோளாறு என்று எழுதியிருந்தார்கள். என் மூஞ்சியைப் பார்த்தால் யாரும் அதைத்தான் எழுதுவார்கள். அங்கிருந்த ஒரு டாக்டரம்மா மட்டும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது வீக்கம் உண்டா என்று கேட்டார். நான் வழக்கம்போல வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அப்பாவின் முள், அண்ணனின் கால், பல். பல்லுக்கு வந்ததும் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். கல்லிக்ரீன் என்று ஒரு நொதி. முதலில் கேட்டபோது ஏதோ கிரேக்கக் கப்பலின் பெயர் என்று நினைத்தேன். எல்லோர் உடம்பிலும் இருக்கிறதாம். ரத்தத்தில், எச்சிலில், கணையத்தில், சிறுநீரில்கூட. கெட்டதும் இல்லையாம். ரத்தக் குழாயை விரித்துக் கொடுக்கும், காயம் பட்ட இடத்தில் வேலை பார்க்கும். ஆனால் அதை அளவோடு நிறுத்த ரத்தத்தில் ஒரு காவல் உண்டு. எங்கள் குடும்பத்தில் பிறக்கும்போதே அந்தக் காவல் குறைவு. எங்கேயாவது ஒரு அழுத்தம், ஒரு காயம் போதும், கல்லிக்ரீன் கிளம்பிவிடும். அது ரத்தத்தில் இருக்கிற இன்னொரு சரக்கை அறுத்துவிட, குழாயின் சுவர் நெகிழ்ந்து தண்ணீர் கசியத் தொடங்கும். காவலாள் இல்லாத கிட்டங்கியில் சரக்கு வெளியே போவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கசிவது காலில் என்றால் கால் வீங்கும், குடலில் என்றால் வயிறு முறுக்கும். தொண்டையில் என்றால்... அந்த அம்மா பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதத் தொடங்கினார்.

"பயத்துக்கும் கிளம்புமா?" என்று கேட்டேன்.

"சில பேருக்குக் கிளம்பும்."

ஆக என் பயத்துக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்குப் போட்ட ஊசி ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். அது வேறு வகை வீக்கத்துக்கான மருந்து, இதற்குப் பிடிக்காது, அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்றார். அன்று இரவு நான் அழுதேன். நடு வார்டில், இருபது பேருக்கு நடுவில். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துத் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

ஊருக்கு வந்து மதினியிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் முறத்தை வைத்தாள்.

"அப்ப யாரு மேலயும் தப்பில்ல."

"இல்ல மதினி."

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கீரு? எந் தம்பிகிட்ட போயிச் சொல்லும், போம்."

உப்பளத்தில் அவன் பாத்தி ஓரமாக நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான். நான் கோமாளித்தனம் செய்யவில்லை. வரப்பில் உட்கார்ந்து, கல்லிக்ரீன் கதை முழுவதையும் சொன்னேன். நீ ஒரு நாழிகை முந்தி உணர்ந்திருந்தாலும் தொண்டை அடைத்திருக்கும் மாப்ள, ஊசியும் கேட்டிருக்காது என்றேன். துவாரத்தைப் பற்றி, அதைக் கொஞ்சம் முந்திப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி, நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

வெயிலில் உப்பு கண்ணைக் கூச வைத்தது. ஒரு உப்புக்கட்டியை எடுத்து விரலால் நசுக்கிக்கொண்டே கேட்டான்: "பேரு என்ன சொன்ன?"

"கல்லிக்ரீன்."

"கல்லி... இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். வாய்க்குள்ளேயே உருட்டிப் பார்த்தான், வரவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னான்.

"எதுக்குல உனக்குப் பேரு?"

"திட்டணும்னா பேரு தெரியணும்லா. இத்தன வருசமா யாரத் திட்டன்னு தெரியாம என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

பிறகு எழுந்து நின்று, அந்தப் பெயரை ஒழுங்காக ஒரு தடவை சொன்னான். சொல்லிவிட்டுத் திட்ட ஆரம்பித்தான். தோணித்துறையில் மட்டும் புழங்குகிற வார்த்தைகள், இங்கே எழுத முடியாது. அதன் தாயை, தகப்பனை, அதைப் பெற்ற ஊரை. அவனுக்கு வார்த்தை தீர்ந்துபோன இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். துறைமுகத்தில் இத்தனை வருசம் கோடு போட்டவன், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். நரைத்த இரண்டு ஆட்கள் உப்புப் பாத்தி நடுவே நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தொண்டை கிழியத் திட்டுவதை, உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் உடைந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். நான் இன்னும் கொஞ்ச நேரம் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.